படுத்திருப்பவனுக்கு எத்தனை கலோரி?

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, டீச்சர் எப்போது பேச்சை முடிப்பார் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெருமதிப்பிற்குரிய தலைமை மருத்துவர் ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பெற்ற பிள்ளைக்குச் செய்வதைப் பிறர் பிள்ளைக்கும் செய்து, புண்ணைத் துடைத்துப் புன்னகையை மீட்டுத் தருகிற செவிலித் தாய்மார்களே! அடுப்பின் அனலில் நின்று, முகம் தெரியாத நோயாளிகளுக்காக முகம் சுளிக்காமல் சமைக்கும் சமையல்கூடத்துச் சகோதரிகளே! பட்டறையைப் பூட்டிவிட்டு, கைக் கிரீஸைக் கழுவியும் கழுவாமலும் ஓடிவந்து, கடைசி வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் என் தம்பியின் தோழர்களே! இவர்கள் அனைவருக்கும் மேலாக, இந்த மேடையில் தமக்கென்று போட்ட நாற்காலியின் நுனியில் மட்டும் அமர்ந்து, எந்த நேரமும் எழுந்து வார்டுக்கு ஓடிவிடுவாரோ என்று எங்களைப் பதற வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் கலோரி மேடம் அவர்களே! உங்கள் எல்லாருக்கும் என் நெஞ்சில் ஊறிய வணக்கத்தை முதலில் வைக்கிறேன்.

நான் மேடைப் பேச்சாளர் அல்ல. முப்பத்தைந்து ஆண்டு அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். எனக்குப் பேசத் தெரிந்ததெல்லாம் கரும்பலகைக்கு முன்னால்தான். ஆகவே, பேச்சு நடுவில் நான் கேள்வி கேட்பேன். பதில் தெரிந்தவர்கள் கை தூக்கலாம். தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது.

முதல் கேள்வி. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும்?

என்ன, அங்கே யாரோ "ரெண்டு தட்டு" என்கிறீர்களே! அது உங்கள் ஆசை, ஐயா. நான் கேட்டது உங்கள் தேவை. ஆசைக்கும் தேவைக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பதற்குத்தான் கலோரி என்றொரு அளவுகோல் இருக்கிறது. வண்டிக்கு எரிபொருள் எத்தனை லிட்டர் என்று கேட்பது போல, உடம்புக்கு எரிபொருள் எத்தனை கலோரி என்று கேட்கிறோம். கேட்பது எளிது. பதில்தான் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள், வேலைக்கு வேலை மாறுகிறது.

சரி, வகுப்புக்கு வருகிறேன். நீங்கள் இப்போது நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் இதயம் சும்மா இருக்கிறதா? இல்லை. நுரையீரல் ஓய்வெடுக்கிறதா? இல்லை. மூளை? சிலருக்கு இந்த நேரத்தில் உறங்குகிறது, ஆனால் உறங்கும்போதும் அது வேலை செய்கிறது. ஒன்றும் செய்யாமல் கிடந்தாலே, ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கலோரி போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அறுபது கிலோ ஆள் என்றால், விடிந்து மறுநாள் விடிவதற்குள், படுத்த படுக்கையிலேயே ஆயிரத்து நானூறுக்கும் மேல். இது முதல் படி. அதன்மேல் அவர் செய்கிற வேலை. உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கொஞ்சம் கூட்டு. நாள் முழுதும் நிற்கிறவருக்கு இன்னும் கூட்டு. மூட்டை தூக்குகிறவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் என்ன என்று அங்கங்கே தட்டிக் கொட்டிச் சரிசெய்தால் ஒரு எண் கிடைக்கும். அதற்குப் பெயர் மதிப்பீடு. அது முடிந்த முடிவு அல்ல. ஓர் ஆளைப் புரிந்துகொள்ள நாம் எடுத்து வைக்கிற முதல் அடி.

இவ்வளவுதானா பாடம்? இவ்வளவுதான் என்று நானும் ஆண்டாண்டாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதில் மூன்றாவது படி ஒன்று உண்டு. அதைத்தான் கலோரி மேடம் என் தம்பியின் கட்டிலருகே நின்று எங்களுக்குக் காட்டினார். அந்தக் கதையைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

என் தம்பி வெல்டர். பட்டறையில் அவனுக்குத் தீப்பொறி என்று பட்டப்பெயர். வேலைக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். மூன்றாவது வரிசையில், ஓரத்தில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அவனேதான். டேய், நிமிர்ந்து உட்கார். எல்லாரும் பார்க்கட்டும்.

ஒரு நாள் பழைய பெயிண்ட் டிரம் ஒன்றை வெட்டப் போனான். உள்ளே தங்கியிருந்த ஆவி குப்பென்று பிடித்துக்கொண்டது. மார்பும் இடது கையும் வெந்துபோயின. இந்த மருத்துவமனையின் தீக்காய வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், என் தம்பி வந்து படுத்தான். மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். பிறகு தொடையிலிருந்து தோலெடுத்து முழங்கையில் ஒட்டினார்கள். அந்த ஒட்டு பிடிக்கவில்லை. பெரிய டாக்டர் எங்களை வராந்தாவுக்கு அழைத்து, மறைக்காமல் சொன்னார். "புண்ணு கொஞ்சமாவது ஆறி வரணும், உடம்பு தேறணும். அப்பத்தான் ரெண்டாவது தடவை ஒட்ட முடியும். அதுவும் பிடிக்கலைன்னா முழங்கை மடங்காதும்மா."

வெல்டருக்கு முழங்கை மடங்காது என்றால் என்ன பொருள் என்று பின்வரிசைக்குத் தெரியும். முன்வரிசைக்காகச் சொல்கிறேன். வலது கையில் வெல்டிங் கோல், இடது கையில் முகத்துக்கு நேரே கறுப்புக் கண்ணாடிக் கவசம். கை மடங்கவில்லை என்றால் கவசத்தைப் பிடிக்க முடியாது. கவசம் இல்லாமல் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் கண் போய்விடும். ஆக, பிழைப்பே அந்த ஒரு மடிப்பில் இருந்தது.

அப்போதுதான், யாருக்கு என்ன உணவு, எவ்வளவு என்று எழுதித் தருகிற இந்த மருத்துவமனையின் உணவியல் நிபுணர் இவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, காலில் சத்தமே வராத செருப்பு. கட்டில் கட்டிலாக நின்று, "என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு சாப்பிட்டீங்க, பிடிச்சுதா?" என்று கேட்டுக்கொண்டு போவார். இவருடைய பெயர் வாயிலில் உள்ள பலகையில் இருக்கிறது. வார்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லாருக்கும் கலோரி மேடம்தான்.

என் தம்பிக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். முதலில் எடை வேண்டுமே! நிற்க முடியாதவனை எப்படி நிறுப்பது? இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தராசில் நிறுத்தினால், பாதி எடை அந்த இரண்டு பேர் கையில் இருக்கிறது. கையை எடுத்தால் அவன் தரையில் இருக்கிறான். அன்று அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். எப்படியோ தாங்கி, விட்டு, பிடித்து, ஓர் எடை எடுத்தார். வயதையும் உயரத்தையும் கேட்டார். எத்தனை பங்கு தோல் வெந்திருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டார். பிறகு ஓர் எண்ணைச் சொன்னார்.

கேட்டதும் என் தம்பி மனைவி மலைத்துப்போனாள். "மேடம், அவர் பட்டறைல நாள் பூரா சுத்தியல் அடிக்கிறப்பகூட இவ்வளவு சாப்பிட மாட்டாரே!"

"அதுக்குக் குறையாம வேணும்மா. பாலு, முட்டை, பருப்பு, எல்லாம் வரும். நான் எழுதித் தர்றேன். நீங்க உள்ள போக வைங்க," என்றார் இவர்.

சாப்பாடு வந்தது. தட்டு நிறைய வந்தது. தட்டு காலியாகத் திரும்பிப் போனது. எங்களுக்கு எவ்வளவு நிம்மதி! நான் மாலையில் வருவேன். தம்பி மனைவி தையல் வேலையை முடித்துவிட்டு அவளும் மாலையில்தான் வருவாள். பகலில் துணைக்கு வந்தவர் லேத்காரர். பட்டறையில் லேத் என்னும் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர், என் தம்பிக்குச் சின்ன வயதுத் தோழர். மதிய இடைவேளையில் தவறாமல் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவரைப் பார்த்து, "இப்படி ஒரு சிநேகிதம் யாருக்குக் கிடைக்கும்!" என்று வார்டே மெச்சியது.

தட்டு காலி. ஆனால் தம்பி தேறினானா? இல்லை. கன்னம் ஒட்டியது. கழுத்தெலும்பு எட்டிப் பார்த்தது. புண் ஈரமாகவே கிடந்தது. கலோரி மேடம் மறுபடி நிறுத்துப் பார்த்தார். எடை இறங்கியிருந்தது.

அன்பானவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கணக்கு ஒன்று சொல்கிறது, ஆள் ஒன்று சொல்கிறான். இந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் யார்மீது சந்தேகப்படுவோம்? ஆள்மீதுதானே! "நீங்க சரியா சாப்பிடலை, நீங்க சொன்ன பேச்சு கேக்கலை" என்றுதானே பாய்வோம்! இவர் யார்மீது சந்தேகப்பட்டார் தெரியுமா? தம்மீது. "என் கணக்கு குறைஞ்சுபோச்சு போலிருக்கு. இவருக்கு இன்னும் வேணும்" என்றார். இன்னொரு முட்டை சேர்ந்தது. மதியத் தட்டோடு பொடி கலந்த பாலும் சேர்ந்தது. தட்டு பெரிதானது. அப்போதும் தட்டு காலி. அப்போதும் எடை இறங்கியது. மறுபடியும் கூட்டினார். சமையல்கூடத்துச் சகோதரிகளே, அந்த நாட்களில், "அந்த ஜன்னல் கட்டில்ல படுத்திருக்கிறது மனுசனா யானையா?" என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கோபமில்லை, எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

பிறகு ஒரு மதியம். அன்று மாற்றுத்துணி கொண்டு வந்ததால் நானும் அங்கே இருந்தேன். சாப்பாட்டு வண்டி வந்து போன கொஞ்ச நேரத்தில், வழக்கமாக ஜன்னல் கட்டிலுக்குக் கடைசியில் வருகிற கலோரி மேடம், அன்று சத்தமே வராத செருப்போடு முதலில் எங்களிடம் வந்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். லேத்காரர் விருட்டென்று எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் அவருடைய சட்டை வயிற்றுப் பக்கம் இழுத்துப் பிடித்தது. அங்கே ஒரு பொத்தான் இல்லை. இருந்த இன்னொரு பொத்தானும் இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது.

மேடம் அந்தப் பொத்தானைப் பார்த்தார். என் தம்பியின் கழுத்தெலும்பைப் பார்த்தார். மறுபடி பொத்தானைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் அந்தத் தராசுல ஏறுறீங்களா?"

"நானா? நான் எதுக்கு மேடம்? நான் பார்க்க வந்த ஆளு."

"பரவால்ல, ஏறுங்க."

"மேடம், செருப்பு வேற போட்டிருக்கேன்..."

"கழட்டிட்டு ஏறுங்கண்ணே."

ஏறினார். முள் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது.

"முன்ன எவ்வளவு இருந்தீங்க?"

"எடையெல்லாம் பார்த்ததில்ல மேடம். ஆனா போன மாசம் பெல்ட்டை இந்த ஓட்டைல போட்டுக்கிட்டிருந்தேன். இப்ப..." என்று சொல்லித் தலையைச் சொறிந்தார். பெல்ட்டில் இப்போது ஓட்டையே மிச்சமில்லை.

கலோரி மேடம் கோபப்பட்டிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். அவர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சொன்னார், "நான் எழுதிக் குடுத்த கலோரி ஒண்ணுகூட வீணாகல. எல்லாம் கச்சிதமா வேலை செஞ்சிருக்கு. ஆளுதான் மாறிப்போச்சு!"

சிரியுங்கள், சிரியுங்கள். லேத்காரரே, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாலும் எனக்குத் தெரிகிறது. தூணைவிட நீங்கள்தான் அகலம்.

ஆனால் அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவர் அன்று கையைப் பிசைந்துகொண்டு சொன்னார், "டீச்சரக்கா, நான் கேக்கவே இல்ல. இவன்தான் திட்டித் திட்டி ஊட்டுறான். 'நீ திரும்ப லேத்துல போய் நிக்கணும், நீ சாப்பிடு. பாதித் தட்டு திரும்பிப் போனா மேடம் கண்டுபிடிச்சிருவாங்க'ன்னு சொல்றான். சாப்பாட்டைக் கொட்டவும் மனசு வரல. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

என் தம்பி கண்ணைத் திறந்தான். "மேடம், கோவிச்சுக்காதீங்க. எங்க பட்டறைல ஒரு வழக்கம் இருக்கு. கரண்ட் இல்லாத நாள்ல அரைச் சாப்பாடு."

அது உண்மை. பட்டறையின் பழைய பழக்கம் அது. முன்பொரு முறை மின்சாரம் இல்லாத நாளில் எல்லாரும் பொழுதுபோகாமல் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்களாம். மாலையில் மின்சாரம் வந்ததும் அவசர வேலையும் வந்தது. ஒருவராலும் குனிந்து சுத்தியலை எடுக்க முடியவில்லை. அன்றைக்குப் போட்ட சட்டம். மெஷின் நின்றால் வயிறும் பாதி நிற்க வேண்டும். யாராவது முழுத் தட்டைப் போட்டுக்கொண்டால், "என்னப்பா, உனக்கு மட்டும் தனி கரண்ட் லைனா?" என்று கிண்டல் செய்வார்கள். விளையாட்டாக வந்தது விதியாகிவிட்டது. விதியாக வந்தது வைராக்கியமாகிவிட்டது.

"நான் இங்க படுத்துக்கிடக்கேன் மேடம்," என்றான் தம்பி. "ஒரு கம்பியை எடுத்து இந்தப் பக்கம் வச்சேனா, அந்தப் பக்கம் வச்சேனா? மெஷினே ஓடல. இதுக்கு எதுக்கு இவ்வளவு எண்ணெய்? என் பொண்டாட்டி நாள் பூரா குனிஞ்சு தைக்கிறா. இவன் நாள் பூரா லேத்துல நிக்கிறான். நான் மட்டும் சும்மா படுத்துக்கிட்டு முட்டையும் பாலுமா முழுங்குறதா? தொண்டைல இறங்கல மேடம்."

அவையோரே, அவன் சோம்பலால் பட்டினி கிடக்கவில்லை. உழைப்பின் மீது வைத்த மரியாதையால் பட்டினி கிடந்தான். இப்படிப்பட்ட ஆளிடம் என்ன சொல்லிப் புரிய வைப்பீர்கள்? புரதம் என்பீர்களா? திசு வளர்ச்சி என்பீர்களா? நான் என்றால் ஒரு பாடமே நடத்தியிருப்பேன். அவனும் சின்ன வயதில் என்னிடம் தலையாட்டியது போலத் தலையாட்டிவிட்டு, நாளைக்கும் தட்டை லேத்காரரிடம் தள்ளியிருப்பான்.

கலோரி மேடம் பாடம் நடத்தவில்லை. முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பட்டறைல லைட் எப்ப மங்கும்?"

என் தம்பிக்கு விளங்கவில்லை. ஆனாலும் தொழில் பற்றிய கேள்வியல்லவா! பதில் தானாக வந்தது. "நான் வெல்டிங் கோலை வச்சு ஆர்க் போடுறப்ப மங்கும். பக்கத்து டீக்கடைலகூட மங்கும். அந்தக் கடைக்காரர் அங்கிருந்தே கத்துவார்."

"இவரு லேத் ஓட்டுறப்ப?"

"லேத்துக்கெல்லாம் மங்காது மேடம். வெல்டிங் செட் இழுக்கிற இழுப்பு தனி."

லேத்காரர் நடுவில் புகுந்தார். "சத்தம் என்னவோ என் மெஷின்லதான் அதிகம் மேடம். இவன் ஒரு இடத்துல குந்திக்கிட்டு அசையாம இருப்பான். பார்க்கிறவங்க இவன் சும்மா உட்கார்ந்திருக்கான்னுதான் நினைப்பாங்க. ஆனா கரண்ட் மொத்தத்தையும் உறிஞ்சுறது இவன்தான்."

"அப்படியா?" என்றார் மேடம். "அசையாம உட்கார்ந்திருக்கிறவன்தான் அதிகமா இழுக்கிறானா?"

"ஆமா மேடம்," என்றான் என் தம்பி. "ஒட்டு வைக்கிற வேலைன்னா அப்படித்தான். வெட்டுறது, கடையுறது எல்லாம் வேற. ரெண்டு துண்டை ஒண்ணாக்கணும்னா கரண்ட் குறையவே கூடாது. குறைஞ்சா ஒட்டு மேலோட்டமாத்தான் பிடிக்கும். தட்டினா கழண்டுரும்."

சொல்லிவிட்டு நிறுத்தினான். தன் வாயிலிருந்து வந்த சொல் தன் காதுக்கே வந்து சேர்ந்தது போல, கட்டுப் போட்ட தன் முழங்கையைப் பார்த்தான்.

மேடம் மெதுவாகச் சொன்னார், "அடுத்த ஒட்டும் கழண்டுரக் கூடாதுல்ல? உங்க மெஷின் நிக்கல தம்பி. வெளியேதான் நிக்குது. உள்ள பகலும் ராத்திரியும் ஒருத்தன் குந்தி உட்கார்ந்து உங்க தோலை வெல்டிங் பண்ணிக்கிட்டிருக்கான். அவனுக்குச் சாப்பாடுதான் கரண்ட். நீங்க லைனைப் பாதியாக் குறைச்சுட்டீங்க. பாவம், அவன் எரியாத கோலை வச்சுக்கிட்டு எத்தனை நாள்தான் ஒட்டுவான்?"

பக்கத்துக் கட்டில்காரர்கூட இருமலை அடக்கிக்கொண்டார்.

"அப்ப..." என்றான் என் தம்பி. "அப்ப நான் சும்மா இல்லையா மேடம்?"

"இந்த வார்டுலயே அதிகமா வேலை செய்யிறது நீங்கதான்."

என் தம்பி வலது கையை நீட்டினான்.

"டேய், அந்தத் தட்டை இங்க குடு."

லேத்காரர் தட்டைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அப்பாவியாகக் கேட்டார், "அப்ப எனக்கு?"

கைதட்டுங்கள், தட்டலாம். அன்று வார்டில் நோயாளிகள் கை தட்ட முடியாமல், கட்டில் கம்பியைத் தட்டினார்கள்.

இதுதான், அன்பர்களே, நான் சொன்ன மூன்றாவது படி. உயிர் வாழ ஒரு பங்கு. உழைக்க ஒரு பங்கு. உடைந்ததைச் சேர்க்க ஒரு பங்கு! முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது தெரியாது. வெளியே அசைவில்லை என்பதால் உள்ளே வேலை இல்லை என்று யார் சொன்னது? காய்ச்சலில் கிடக்கிற குழந்தை சும்மா கிடக்கிறதா? நோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளையைச் சுமக்கிற தாய் சாய்ந்து உட்கார்ந்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறாளா? எலும்பும் நரம்புமாய் இன்னோர் உயிரை உருவாக்கிக்கொண்டிருக்கிறாள். பால் கொடுக்கிறவள் படுத்திருந்தால் ஓய்வா அது? உறங்குகிற சிறுவன் உறங்கவா செய்கிறான்? வளர்ந்துகொண்டிருக்கிறான்! இவர்களுக்கெல்லாம் பார்த்துப் பரிமாறுங்கள். எவ்வளவு என்று தெரியாவிட்டால், தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு உடம்புக்கும் கணக்கு வேறு. என் தம்பிக்குச் சொன்னது உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. ஏன், அவன் கணக்கை அப்படியே சாப்பிட்டால் என்னவாகும் என்று பார்க்க ஆசைப்பட்டால், தூணுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் அறிந்ததுதான். ஒவ்வொரு மதியமும் கலோரி மேடம் அந்த முக்காலியில் வந்து உட்காருவார். சாப்பிடு என்று ஒரு சொல் சொல்ல மாட்டார். வெல்டிங்கைப் பற்றிக் கேட்பார். எந்தக் கோல் எதற்கு, ஏன் பொறி பறக்கிறது, மெல்லிய தகட்டில் ஓட்டை விழாமல் எப்படி ஒட்டுவது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என் தம்பி சொல்லிக்கொண்டே சாப்பிடுவான். தட்டு காலியானதும் எழுந்து போவார். முள் ஏறத் தொடங்கியது. புண்ணின் ஓரம் சிவந்து, சுருங்கி, உள்வாங்கியது. இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்து கட்டைப் பிரித்த அன்று, பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். "பிடிச்சிருச்சு," என்றார். ஒரே ஒரு சொல். என் தம்பி மனைவி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். "அண்ணி, பிடிச்சிருச்சாம் அண்ணி, பிடிச்சிருச்சாம்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தம்பி, எழுந்திரு. கூச்சப்படாதே. இடது கையைத் தூக்கு. மடக்கு. முகத்துக்கு நேரே கொண்டு வா, கவசம் பிடிப்பது போல. பாருங்கள்! இந்த ஒரு மடிப்புக்காகத்தான் இத்தனை பேர் உழைத்தோம். அறுத்து ஒட்டிய மருத்துவர்களுக்கு நன்றி. கட்டு மாற்றிய கைகளுக்கு நன்றி. யானைக்குச் சமைப்பது போல அலுக்காமல் சமைத்தவர்களுக்கு நன்றி. நட்புக்காகத் தன் இடுப்பையே தியாகம் செய்த லேத்காரருக்கும் நன்றி!

இதோ மேடையின் ஓரத்தில் துணி போர்த்தி வைத்திருக்கிறதே, அதைத் தலைவர் ஐயா இப்போது திறந்து வைப்பார். அது ஒரு நாற்காலி. அடியில் தராசு பொருத்திய நாற்காலி. இனி இந்த வார்டில் நிற்க முடியாத எந்த நோயாளியையும் இரண்டு பேர் அக்குளில் தாங்கி நிறுத்த வேண்டியதில்லை. உட்கார வைத்தால் போதும், உள்ளபடி எடை காட்டும். கடைசல் வேலை லேத்காரருடையது. பற்றவைப்பு முழுவதும் என் தம்பியுடையது, இந்தக் கையால். சட்டத்தின் மூலைகளைத் தடவிப் பாருங்கள். ஒட்டு எங்கே என்று விரலுக்குத் தெரியாது.

பட்டறையிலும் சட்டம் மாறிவிட்டது. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது முழுச் சாப்பாடுதான். "யாருக்கு உள்ள என்ன வேலை நடக்குதோ, நமக்கு என்ன தெரியும்?" என்கிறான் தம்பி. ஒரே ஒரு ஆளுக்குத்தான் அரைச் சாப்பாடு. அது மருத்துவர் உத்தரவு. ஆள் யார் என்று நான் சொல்ல மாட்டேன், தூண் வருத்தப்படும்.

முடிப்பதற்கு முன் ஒன்று. அந்த முதல் மதியம் என் தம்பி தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்ததும், வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான், "மேடம், நீங்க சாப்பிட்டீங்களா?"

எல்லாருடைய தேவையையும் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர், அந்தக் கேள்விக்கு முழித்தார். "ரவுண்ட்ஸ் முடியட்டும்னு..." என்று இழுத்தார். பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. வார்டில் தட்டுகள் வருகிற நேரமும், மேடம் கட்டில் கட்டிலாக உட்காருகிற நேரமும், அவருடைய சொந்தச் சாப்பாட்டு நேரமும் ஒன்றுதான். எங்கள் தட்டு காலியான ஒவ்வொரு மதியமும் அவருடைய டப்பா திறக்கப்படாமல் கிடந்திருக்கிறது.

அம்மா, நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கும் எங்கள் கலோரி மேடம், இன்று நீங்கள் எந்த வார்டுக்கும் ஓடப் போவதில்லை. தலைவரிடம் அனுமதி வாங்கிவிட்டோம். இந்தக் கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறையில் விருந்து. முதல் தட்டு உங்களுக்கு. முழுத் தட்டு. உங்களுக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று கணக்குப் போட எங்களுக்குத் தெரியாது. ஆனால் தட்டு காலியாகும் வரை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கத் தெரியும். அதை நீங்கள்தான் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தீர்கள்.

தம்பி, முக்காலியை எடுத்து வை. இடது கையால் எடு.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லாருக்கும் கை கூப்பி நன்றி கூறி, பசியோடு இருப்பவர்களை இனியும் காக்க வைக்காமல், வணங்கி விடைபெறுகிறேன்.